கட்டமைப்புத் தரவுக் குறியீடு

கட்டமைப்புத் தரவுக் குறியீடு என்பது ஓர் இணையப் பக்கத்தில் உள்ள செய்தி எதைப் பற்றியது, அதில் எது பெயர், எது விலை, எது தேதி என்பதைத் தேடுபொறிக்குப் புரியும் வகையில் எழுதிச் சேர்க்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இதனை ஸ்ட்ரக்சர்ட் டேட்டா மார்க்கப் என்பர். பக்கத்தைப் படிப்பவரின் கண்ணுக்கு இக்குறியீடு தெரிவதில்லை. ஆனால் கூகுளில் ஒரு சமையல் குறிப்பைத் தேடும்போது படம், சமைக்கும் நேரம், நட்சத்திர மதிப்பீடு ஆகியவை தலைப்புடன் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தேவை

'பொன்னி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது காவிரி ஆற்றின் பெயர். ஒரு நெல் வகையின் பெயர். ஒரு பெண்ணின் பெயராகவும் இருக்கலாம். படிக்கும் மனிதர் அடுத்த வரியைப் பார்த்ததும் எது என்று அறிந்துகொள்வார். இயந்திரமோ சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகிக்கிறது. இன்றைய தேடுபொறிகள் நன்றாகவே ஊகிக்கின்றன என்றாலும் ஊகம் ஊகம்தான். 5/6/2024 என்பதும் இப்படிப்பட்டதே. இந்தியாவில் அது ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. ஆறு, விற்பனைப் பொருள், நபர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கட்டமைப்புத் தரவில் தனி வகைப்பெயர் உண்டு. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-05 என எழுத வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே இந்தக் குழப்பங்களுக்கு இடமில்லை.

நூலகப் பட்டியல் அட்டையை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. நூலை முழுவதும் படிக்காமலேயே ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகியவற்றை அட்டை கூறிவிடுகிறது. இங்கும் அப்படித்தான். ஒரு வேறுபாடு என்னவென்றால், நூலகத்தில் அட்டையை எழுதுபவர் நூலகர். இணையத்தில் அதை எழுதுபவர் பக்கத்தின் உரிமையாளரே. தம் பொருளைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளும் அட்டை என்பதால்தான் இத்துறையில் பின்னர் பல கட்டுப்பாடுகள் வந்தன.

வரலாறு

இணையப் பக்கங்களின் பொருளை இயந்திரங்களும் உணர வேண்டும் என்ற கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் 2001 மே மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் விரிவாக எழுதினர். 2009 மே மாதத்தில் கூகுள், குறியீடு சேர்த்த பக்கங்களுக்கு மதிப்பீடு போன்ற கூடுதல் விவரங்களுடன் முடிவுகளைக் காட்டத் தொடங்கியது. அக்காலத்தில் எல்லோருக்கும் பொதுவான சொற்பட்டியல் இல்லை. ஒரு தேடுபொறிக்காக எழுதியது மற்றொன்றுக்குப் பயன்படும் என்ற உறுதியும் இல்லை.

2011 ஜூன் 2 அன்று கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ ஆகிய போட்டியாளர்கள் இணைந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டனர். அதே ஆண்டு ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனமும் சேர்ந்தது. இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ராமநாதன் வி. குஹா. சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர், ஆர்.எஸ்.எஸ்., ஆர்.டி.எஃப். ஆகிய இணையத் தொழில்நுட்பங்களின் தொடக்கத்திலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எழுதும் முறை

மைக்ரோடேட்டா, ஆர்.டி.எஃப்.ஏ., ஜேசன்-எல்.டி. என மூன்று வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. முதல் இரண்டிலும் பக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் சுற்றியுள்ள ஹெச்.டி.எம்.எல். குறிச்சொற்களுக்குள்ளேயே விவரத்தைச் செருக வேண்டும். பக்கத்தின் வடிவமைப்பை மாற்றும்போது இவை எளிதில் சிதைந்துவிடும். 2014 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த ஜேசன்-எல்.டி.யில் எல்லா விவரங்களும் ஸ்கிரிப்ட் என்ற குறிச்சொல்லுக்குள் ஒரே தொகுப்பாக அமைகின்றன. கூகுள் பரிந்துரைப்பதும் இதையே. இதிலும் ஓர் இடர் உண்டு. பக்கத்தில் விலையைத் திருத்துபவர் தொகுப்பில் உள்ள பழைய விலையைத் திருத்த மறந்துவிடுவார். அப்போது வாசகருக்கு ஒரு விலையும் தேடுபொறிக்கு வேறொரு விலையுமாகப் போய்ச் சேரும்.

வத்தக்குழம்பு செய்முறை பற்றிய ஒரு பக்கத்தைக் காண்போம். முதலில் இது 'ரெசிபி' என்ற வகையைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். பின்னர் பெயர், படம், தேவையான பொருட்கள், செய்முறைப் படிகள், எத்தனை பேருக்குப் போதும் என்ற அளவு ஆகியவற்றை உரிய பண்புப் பெயர்களின் எதிரே எழுத வேண்டும். இவற்றுள் பெயரும் படமும் இல்லாவிட்டால் கூகுள் அதைச் சிறப்பு முடிவாக ஏற்பதில்லை. வகைப்பெயர்களும் பண்புப் பெயர்களும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். எதிரே எழுதும் விவரம் தமிழில் இருக்கலாம்; தமிழ்ப் பக்கத்துக்கு அப்படி இருப்பதே முறை. தமிழ் என்பதால் குறியீடு வேலை செய்யாது என்று சிலர் எண்ணி விட்டுவிடுகின்றனர். அது தவறு.

கால அளவை எழுதுவதில் கவனம் தேவை. 40 நிமிடம் என்பதை பி, டி, 40, எம் என்று இடைவெளியின்றி ஆங்கில எழுத்துகளில் எழுதுவர். நடுவில் உள்ள டி என்ற எழுத்தை விட்டுவிட்டால் அதன் பொருள் 40 மாதங்கள் என்றாகிவிடும். மூன்றாண்டுகளுக்கு மேல் கொதிக்கும் குழம்பை யாரும் தேடி வரமாட்டார்கள்.

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் தளம் நடத்துவோருக்கு இவற்றைத் தானே எழுதித் தரும் செருகுநிரல்கள் உள்ளன. ஒரே வேலைக்கு இரண்டு செருகுநிரல்களை நிறுவினால் ஒன்றுக்கொன்று முரணான இரு தொகுப்புகள் ஒரே பக்கத்தில் வந்து சேரும்.

தரவரிசையும் தோற்றமும்

இக்குறியீட்டைச் சேர்த்தால் தளம் முதலிடத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அதற்குப் பணம் கொடுக்கும் சிறு வணிகர்களும் உண்டு. கட்டமைப்புத் தரவு பக்கத்தின் தரவரிசையை நேரடியாக உயர்த்துவதில்லை. சிறப்புத் தோற்றத்துடன் காட்டப்படும் தகுதியை மட்டுமே அது தருகிறது. தகுதி இருந்தாலும் காட்டுவதா இல்லையா என்பதைத் தேடுபொறியே முடிவு செய்யும். கூகுள் தன் வழிகாட்டுதலில் இதற்கு உறுதி எதுவும் அளிப்பதில்லை. கிடைக்கும் நன்மை வேறு வகையானது. ஐந்தாம் இடத்தில் இருக்கும் முடிவு, படத்துடனும் சமைக்கும் நேரத்துடனும் வந்தால், தேடுபவர் தமக்கு வேண்டியது அதுதான் என்று பார்த்தவுடன் அறிந்து திறப்பார்.

முறைகேடுகள்

தேடுபொறிகளுக்கு இதில் முன்பட்ட அனுபவம் உண்டு. முன்னர் பக்கத்தின் மறைவான பகுதியில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற பெயரில் பொருட்சொற்களை எழுதும் வழக்கம் இருந்தது. தொடர்பே இல்லாத சொற்களைப் பலர் அங்கே திணித்தனர். வலைத் தேடலின் தரவரிசைக்கு அதைத் தான் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாகக் கூறிவிட்டது. நேர்மையாக எழுதியவர்களின் உழைப்பும் அதோடு வீணாயிற்று.

கட்டமைப்புத் தரவிலும் அதே கதை ஓரளவு நடந்திருக்கிறது. நிறுவனங்கள் தம் தளத்தில் தமக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் இட்டுக்கொண்டன. 2019 செப்டம்பரில் அத்தகைய மதிப்பீடுகளைக் காட்டுவதைக் கூகுள் நிறுத்தியது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதியைத் தேடல் பக்கத்தில் அதிக இடம் பிடிப்பதற்காகவே பலர் சேர்த்தனர். நன்கு அறியப்பட்ட அரசு, உடல்நலத் தளங்களுக்கு மட்டுமே அது இனி வழக்கமாகக் காட்டப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது.

பக்கத்தில் வாசகர் காணாத எதையும் குறியீட்டில் எழுதக்கூடாது என்பதே முதன்மையான விதி. மீறினால் கூகுள் அப்பக்கத்தின் சிறப்புத் தோற்றத் தகுதியைப் பறிக்கும். சாதாரண முடிவாக அது வழக்கமான இடத்தில் தொடரும். வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் இவ்விதி மிக முக்கியமானது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் முடிந்தபின் அறிவிப்பை நீக்கவோ தேதி கடந்துவிட்டதைக் குறிக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பப்பட்ட பணியிடத்துக்கு யாரோ ஓர் இளைஞர் சான்றிதழ்களைத் திரட்டிக்கொண்டிருப்பார்.

சோதித்தல்

எழுதிய குறியீட்டைச் சரிபார்க்க இரண்டு இலவசக் கருவிகள் உள்ளன. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், ஒரு பக்கம் எந்தச் சிறப்புத் தோற்றத்துக்குத் தகுதி பெறுகிறது என்று காட்டும். ஸ்கீமா.ஆர்க் தளத்தில் உள்ள சரிபார்ப்பான் சொற்பட்டியலின்படி எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கும். இரண்டும் குறியீட்டில் உள்ள எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கும்; விடுபட்ட பண்பை ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் சுட்டும். எழுதிய விலையும் தேதியும் உண்மையா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைப் பக்கத்துடன் ஒப்பிட்டு உரிமையாளரே பார்க்க வேண்டும். திருத்தம் செய்தபின் தேடுபொறி அப்பக்கத்துக்கு மீண்டும் வந்து படித்த பிறகுதான் மாற்றம் முடிவுகளில் தெரியும். அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம்.