யவனர் வழி – 9: மதுரைக்கு வந்த அரிஸ்டாட்டில்

“ஏதென்ஸ், அலெக்சாண்ட்ரியா, பாக்தாத் என்று வாராவாரம் சுற்றுகிறீர்களே, கிரேக்கத் தத்துவம் நம்ம பக்கம் எட்டிப் பார்த்ததா இல்லையா?” என்று ராயகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பார்த்தது. அவர் ஊர்ப் பக்கம் சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகப் போகிறதே திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை, அதன் இரண்டு முனைகளை வைத்தே கதையைச் சொல்லிவிடலாம். மேற்கு முனையான கொல்லத்தில் 1578-இல் யேசு சபைத் துறவி ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. அது ஜெபப் புத்தகம். தத்துவத்துக்கு அதில் வேலையில்லை. தத்துவம் வந்தது மறுமுனையான திருமங்கலத்தின் பக்கத்துக்கு. 1606-இன் கடைசியில் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி அதை மூளையில் சுமந்து வந்தார்.

நொபிலி என்றாலே காவி, பூணூல், மரக்கறிச் சாப்பாடு, அதை எதிர்த்துச் சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் அனுப்பிய புகார், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பு என்றுதான் பேசுவார்கள். எழுதி எழுதித் தேய்ந்த விஷயம். அவர் என்ன உடுத்தினார் என்பதைவிட என்ன படித்துவிட்டு வந்தார் என்பதில்தான் எனக்கு அக்கறை.

யேசு சபைக் கல்லூரிகளுக்காக 1599-இல் இறுதியான பாடத்திட்டம் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை: தத்துவத்துக்கு அரிஸ்டாட்டில், இறையியலுக்குத் தாமஸ் அக்குவினாஸ். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குப் போர்த்துக்கல்லின் கோயம்ப்ரா நகரத்து யேசு சபையார் எழுதிய பெரிய பெரிய உரைகள் 1592 முதல் வெளிவந்துகொண்டிருந்தன. ஆக, பாக்தாத்தில் அரபு பேசி, டொலிடோவில் லத்தீனுக்கு மாறி, பாரிஸில் அக்குவினாஸ் கையில் ஞானஸ்நானம் பெற்ற அரிஸ்டாட்டில்தான் மதுரைக்கு வந்தவர். ஏதென்ஸ் வாசனை ரொம்பவே குறைந்திருந்தது.

நொபிலியின் தமிழ் நூல்களில் ‘ஆத்தும நிருணயம்’ நம் விஷயத்துக்கு முக்கியம். உயிர் என்பது என்ன, உடம்போடு அதற்கு என்ன உறவு, உடம்பு போனபின் அதன் கதி என்ன என்று வாதிடும் உரைநடை நூல். வடமொழி கலந்த, இன்று வாசிக்க மூச்சு முட்டும் நடை. இதையும் நொபிலியின் மற்ற நூல்களையும் தேடிச் சேர்த்து 1960-களில் பதிப்பித்தவர் ச. இராசமாணிக்கம் என்ற யேசு சபை அறிஞர். நொபிலியைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி நூலும் 1972-இல் நம் நெல்லைச் சீமையிலிருந்துதான் வந்தது. இவர் இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதும் பக்கங்களில் பாதி காணாமல் போயிருக்கும்.

இப்போது சரக்கைப் பார்ப்போம். அரிஸ்டாட்டில் உயிரை மூன்று படிகளாக வைக்கிறார். உண்டு வளர்வதும் பெருகுவதும் செடிகொடியின் உயிர். அதோடு புலனுணர்வு சேர்ந்தால் விலங்கின் உயிர். பகுத்தறிவும் சேர்ந்தால் மனித உயிர். தொல்காப்பிய மரபியலை ஒருமுறை புரட்டியவருக்கும் இந்த ஏணி பழகினதாகத்தான் இருக்கும். அங்கே ஆறு படிகள். புல்லும் மரமும் முதல் படி, மனம் வாய்த்த மனிதர் ஆறாம் படி. இரண்டு பேருமே தொடுவுணர்வைத்தான் புலன்களில் முதலாவதாக வைக்கிறார்கள் என்பது ஆச்சரியம். ஆனால் புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு உண்டு என்கிறார் தொல்காப்பியர். கிடையவே கிடையாது, புலனுணர்வு விலங்கிலிருந்துதான் தொடங்குகிறது என்கிறார் அரிஸ்டாட்டில். தொட்டாற்சிணுங்கியைச் சீண்டி வளர்ந்த மலையடிவாரத்துக்காரர்கள் யார் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சண்டை மறுபிறவியில். உயிர் அநாதி, வினைக்கேற்ப உடம்பு மாறி மாறி எடுக்கும் என்பது சைவ சித்தாந்தம். உடம்பும் உயிரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துப் பொருந்தியவை, எந்த உயிரும் எந்த உடம்பிலும் போய்க் குந்த முடியாது என்பது அரிஸ்டாட்டில். இதை அவர் பித்தாகோரஸ் கூட்டத்தாரைக் கேலி செய்யும் சாக்கில் சொன்னார்: தச்சுத்தொழில் புல்லாங்குழலுக்குள் புகுந்துகொண்டது என்று சொல்வீர்களா, ஒவ்வொரு கலைக்கும் அதற்கேற்ற கருவி வேண்டாமா என்று கேட்டார். ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து அந்தக் கட்சி மதுரையில் தமிழ் பேசியது. நொபிலி மறுபிறவி மறுப்புக்கென்றே ‘புனர்ஜன்ம ஆட்சேபம்’ என்று தனி நூலும் எழுதினார்.

இங்கே ஒரு சிக்கல். அரிஸ்டாட்டில் சொல்வதுபோல் உடம்பின் வடிவம்தான் உயிர் என்றால், உடம்பு அழியும்போது உயிரும் அழிய வேண்டுமே? அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகச் சொல்லாமலே விட்டுவிட்டார். அறிவு மட்டும் அழியாது என்று போகிற போக்கில் சொன்ன சில வரிகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் உரை எழுதினார்கள். அந்த அறிவு எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்று என்றார் கொர்தோபாவின் இப்னு ருஷ்து. ஆளுக்கு ஓர் உயிர், அது அழியாது என்று அவரை மறுத்து 1270-இல் தனி நூலே எழுதினார் அக்குவினாஸ். ‘எல்லாம் ஒரே ஆன்மா’ என்ற அத்வைதத்தை மதுரையில் சந்தித்தபோது நொபிலி தடுமாறாததற்கு இந்தப் பழைய வழக்கில் கிடைத்த பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1516-இல் இத்தாலியின் பொம்பொனாட்சி இன்னும் ஒரு படி மேலே போனார். அரிஸ்டாட்டிலை வைத்து உயிரின் அழியாமையை நிரூபிக்கவே முடியாது, விசுவாசத்தால் ஏற்கலாம், அவ்வளவுதான் என்றார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, இத்தகைய வாதங்களை வகுப்பில் மறுத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சங்கம் ஆணையிட்டிருந்தது. நொபிலி அந்த ஆணைக்குப் பிந்தைய வகுப்பறையில் படித்தவர். மதுரையில் அவரோடு வாதிட்ட பண்டிதர் ஒருவருக்குப் பொம்பொனாட்சி என்ற பெயர் மட்டும் கிடைத்திருந்தால், விவாதத்தின் நிறமே மாறியிருக்கும்.

பிளேட்டோ கிடைத்திருந்தாலும்தான். அவருடைய எல்லா நூல்களும் 1484-இலேயே லத்தீனில் அச்சாகிவிட்டன. யேசு சபைப் பாடத்தில்தான் இடமில்லை. ‘குடியரசு’ நூலின் கடைசிப் பகுதியில் செத்துப் பிழைத்த ஒரு போர்வீரன் தான் கண்டதைச் சொல்கிறான். உயிர்கள் வரிசையில் நின்று அடுத்த பிறவியைத் தேர்ந்தெடுக்கின்றன. பாடகன் ஆர்ஃபியஸ் அன்னமாகப் போகிறான், அகமெம்னான் கழுகாகிறான், அலைந்து களைத்த ஒடிஸியஸ் தேடித் தேடி, யாரும் சீண்டாத ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான். முந்தைய பிறவியின் பழக்கமே பெரும்பாலும் தேர்வை முடிவு செய்கிறது என்கிறார் பிளேட்டோ. நம்ம ஊர் ஓதுவாருக்கு இதற்கு உரை தேவைப்படாது.

அந்த நூலைத் தமிழில் பரவலாகக் கொண்டுவர 20-ஆம் நூற்றாண்டில் ஒரு பத்திரிகையாளர் வர வேண்டியிருந்தது. ரங்கூனில் ‘ஜோதி’ நடத்திய வெ. சாமிநாத சர்மாவிடம் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)