முதல் குழந்தை சிசேரியன். அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

முதல் குழந்தை ஆபரேஷன். இப்போது மறுபடியும் மாசமாக இருக்கிறீர்கள். விஷயம் தெரிந்த அன்றைக்கே வீட்டில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்திருக்கும். "ஒரு தடவை கிழிச்சா அடுத்ததும் கிழிக்கத்தான் செய்வாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா. "இந்தத் தடவையாவது சுகப்பிரசவம் ஆகணும்" என்று அம்மா. "நல்ல நாள் பார்த்து ஆபரேஷனே வெச்சுக்கலாம், எதுக்கு வம்பு" என்று மாமியார். மூன்று பேருமே அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் டாக்டர் முதலில் கேட்பது இவை எதையுமே அல்ல. "போன தடவை டிஸ்சார்ஜ் சம்மரி எங்கம்மா?" என்றுதான் கேட்பார்.

இது ஏதோ சிலருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64 அளவில். அப்படியென்றால், இரண்டாவது குழந்தைக்குத் தயாராகும் பெண்களில் பெரும்பகுதியினர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதுமே சிசேரியன்தான் என்ற வாசகம் நியூயார்க் டாக்டர் எட்வின் கிரேகின் 1916-இல் சொன்னது. அந்தக் காலத்தில் கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். சுருங்கி விரியும் தடித்த தசை அது. அங்கே விழுந்த தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிரிந்துவிடும் ஆபத்து அதிகம். பிறகு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை வந்தது. இன்றைக்கு நம் ஊரில் நடக்கும் சிசேரியன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சீட்டில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதியிருப்பார்கள். வலி வரும்போது இந்தக் கீழ்ப்பகுதி அவ்வளவு வேகமாகச் சுருங்குவதில்லை. அதனால் தழும்பும் பெரும்பாலும் தாங்கும். முறை மாறி நூறு வருஷம் ஆகப்போகிறது. வாசகம் மட்டும் மாறவில்லை.

வயிற்றுத் தழும்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்

பலரும் ஏமாறும் இடம் இது. "எனக்குக் குறுக்குத் தையல்தான், அடியில இருக்கு" என்று வெளித்தோலைப் பார்த்துச் சொல்வார்கள். தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே கருப்பையில் நெடுக்காகக் கீறியிருக்கலாம். குறைமாதத்தில் அவசரமாக எடுத்தது, குழந்தை குறுக்காகக் கிடந்தது போன்ற நேரங்களில் இப்படி நடப்பதுண்டு. சில சமயம் குறுக்குக் கீறலோடு மேல்நோக்கியும் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். இதெல்லாம் கண்ணாடியில் தெரியாது, சம்மரியில்தான் தெரியும்.

அந்தச் சம்மரி எங்கே? முதல் பிரசவம் தாய்வீட்டுப் பக்கம் நடந்திருக்கும். இப்போது நீங்கள் இருப்பது வேறு ஊர். ஃபைல் அம்மா வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில் கிடக்கும். இன்றைக்கே போன் போட்டு எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் போனில் ஒரு தனி ஆல்பமாக வையுங்கள். கணவர் போனிலும் ஒரு காப்பி இருக்கட்டும். கிடைக்கவே இல்லையென்றால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் எழுத்துமூலம் கேளுங்கள். உள்நோயாளிகளின் ஆவணங்களை டாக்டர்கள் 3 வருஷம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. மூன்று வருஷம் தாண்டியிருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சம்மரியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கருப்பையில் என்ன கீறல், என்ன காரணத்துக்காக ஆபரேஷன், பிறகு காய்ச்சலோ தையலில் சீழோ இருந்ததா.

காரணம் ஏன் முக்கியம் என்றால், அது மறுபடி வருமா வராதா என்பதில்தான் உங்கள் வாய்ப்பே இருக்கிறது. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் கீழே இருந்ததால் எடுத்தார்களா? இந்தக் குழந்தை ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அந்தக் காரணமே இப்போது இல்லை. இதயத்துடிப்பு குறைந்ததால் எடுத்தார்களா? அதுவும் திரும்ப வர வேண்டிய அவசியமில்லை. முழுசாக வலி வந்து, பல மணி நேரம் காத்திருந்தும் குழந்தை இறங்கவில்லை என்றால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. முன்பே ஒரு தடவையாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

பொதுவாக, ஒரே ஒரு எல்.எஸ்.சி.எஸ். ஆகி, அடுத்த தடவை வலி வரட்டும் என்று காத்திருக்கும் 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மீதிப் பேருக்கு வலியோடு வலியாக மறுபடி ஆபரேஷன்தான். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால், அப்படிப் பாதியில் அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்வதைவிடச் சிக்கல்கள் அதிகம்.

பயப்பட வேண்டியது எதற்கு?

பழைய தழும்பு பிரிந்துவிடுவதற்கு. கருப்பை வெடிப்பு என்று சொல்வார்கள். தானாக வலி வந்து, ஒரே ஒரு கீழ்ப்பகுதித் தழும்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இது நேரலாம். எண் சின்னதுதான், ஆனால் நடந்தால் நிமிஷக் கணக்கில் தியேட்டருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் குழந்தையும் தாயும் இருவருமே ஆபத்தில். மருந்து கொடுத்து வலியைத் தூண்டினால் இந்த ஆபத்து கூடும். முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் இடையில் ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை என்றாலும் கூடும். கருப்பையில் நெடுக்குக் கீறல் உள்ளவர்கள், முன்பே கருப்பை வெடிப்பு ஏற்பட்டவர்கள், நஞ்சு கருப்பை வாயை மூடியிருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம், அவர்களுக்கு ஆபரேஷன்தான் பாதுகாப்பு.

இரண்டு சிசேரியன் ஆனவர்கள்? முடியவே முடியாது என்று உலகத்தில் எல்லோரும் சொல்வதில்லை. ஆனால் வெடிப்பு ஆபத்து 100-இல் 1 முதல் 2 வரை போகிறது. நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் மூன்றாவதையும் ஆபரேஷனாகத்தான் வைப்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட இதில் எதுவும் இல்லை. விருப்பம் இருந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூத்த மகப்பேறு மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

அப்படியென்றால் ஆபரேஷனே வைத்துக்கொள்வது முழுப் பாதுகாப்பா? அதுவும் இல்லை. ஒவ்வொரு ஆபரேஷனிலும் உள்ளே ஒட்டல்கள் கூடும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் உட்கார்ந்து, கருப்பைக்குள் வேர் விட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளலாம். 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழே இறங்கி வாயை மூடியிருந்த தாய்மார்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு இப்படி ஒட்டியிருந்தது 100-இல் 11 பேருக்கு. இரண்டு ஆகியிருந்தவர்களில் 40 பேருக்கு. கருப்பையையே எடுக்க வேண்டிய நிலைமை வரும் இடம் இது. எனவே ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"ரெண்டாவதும் சிசேரியனா இருந்தா அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமே" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கணக்கு. அந்த ஒரு காரணத்துக்காக வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சுகப்பிரசவம் ஆன 7 நாளுக்குள் சின்னக் கீறலிலேயே அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம்.

எங்கே பிரசவம் பார்ப்பது?

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் செக்கப்புக்கு நல்லது. பிரசவத்துக்கு, 24 மணி நேரமும் மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், தியேட்டர், பச்சிளம் குழந்தைக்கான பிரிவு எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம்தான் வேண்டும். அரசில் இதற்கென்றே 'சீமாங்' மையங்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் இவை இயங்குகின்றன. தனியாரில் பார்ப்பதாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: "ராத்திரி 2 மணிக்கு அவசரம்னா மயக்க டாக்டர் இங்கேயே இருப்பாரா, போன் போட்டு வரணுமா?" வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். வீட்டில் பிரசவம் என்ற நினைப்பே வேண்டாம். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். தழும்பு உள்ள கருப்பைக்கு ஆபத்து அதைவிடக் கூடுதல்.

கர்ப்பம் தெரிந்ததுமே கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பிக்மி எண் வாங்கும்போது, முந்தைய பிரசவம் சிசேரியன் என்பதை மறக்காமல் பதியச் சொல்லுங்கள். உங்களைக் கூடுதல் கவனம் தேவைப்படும் தாயாகக் கண்காணிப்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வருவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அது உங்களுக்கு நல்லது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டர்கள் கர்ப்பிணிகளை இலவசமாகப் பார்க்கும் முகாம் உண்டு. சம்மரியோடு அங்கே போய், "எனக்குச் சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமா?" என்று கேளுங்கள். பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், ஸ்கேன், சாப்பாடு, வண்டி எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இது உங்கள் உரிமை.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வலி வரும்வரை எத்தனை நாள் காத்திருக்கலாம், தேதி தாண்டினால் என்ன செய்வார்கள் என்று சீட்டில் இருக்கட்டும். ஆபரேஷன்தான் என்று முடிவானால், வேறு சிக்கல் இல்லாதவரை 39 வாரம் முடியும் வரை பொறுத்திருங்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் 37-ஆம் வாரத்தில் வருகிறது என்று முன்கூட்டி எடுத்தால், மூச்சுத்திணறலோடு இன்குபேட்டரில் கிடப்பது குழந்தைதான். 39 வாரத்துக்குப் பிறகும் நல்ல நாட்கள் இருக்கின்றன!

வலி வந்தால்

பொய்வலியா நிஜ வலியா என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் உங்களுக்கு வேண்டாம். விளக்கெண்ணெயும் வேண்டாம். இடுப்பு வலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தாலோ, வலி இல்லாமலே பனிக்குடம் உடைந்தாலோ உடனே கிளம்புங்கள்.

பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வயிற்றில் பெல்ட் கட்டுவார்கள். அசௌகரியமாக இருந்தாலும் கழற்றாதீர்கள். தழும்பில் பிரச்சினை வந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தத் துடிப்பில்தான். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் தையல் இடத்தில் வலி விடாமல் இருந்தாலோ, நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றாலோ, ரத்தம் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "சும்மா கத்தக் கூடாது" என்று யாராவது சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். பேச ஆள் இருக்க, அரசு மருத்துவமனையில் ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிப்பார்கள். உங்கள் பழைய ஆபரேஷன் விவரம் தெரிந்தவரையே கூட்டிப் போங்கள்.

நடுவில் உங்களுக்கே "முடியல, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லலாம். அதேபோல் டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லும்போது வெளியே நிற்கும் உறவினர்கள் "இன்னும் ஒரு மணி நேரம் பாருங்களேன்" என்று பேரம் பேசக் கூடாது. வீட்டில் இதை முன்பே பேசி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் பேச நேரம் இருக்காது.

108-க்குப் போன் செய்யும்போது பிரசவ வலி என்று மட்டும் சொல்லாமல், "முதல் குழந்தை சிசேரியன், இது எத்தனையாவது வாரம்" என்பதையும், எந்த மருத்துவமனையில் பதிந்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகங்களுக்கு 104-இல் எந்த நேரமும் கேட்கலாம். பிரசவம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது புது சம்மரியையும் மறக்காமல் போட்டோ எடுத்து அதே ஆல்பத்தில் சேர்த்துவிடுங்கள்.