ஊரை மாற்றப் பணம் யார் தருவது?

புயல் அடித்தால் நிவாரணம் வரும். கடல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வீட்டை விழுங்கினால்? அதற்கு நாள் குறிக்க முடியாது. நிவாரணமும் எளிதில் வராது.

பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் வுனிந்தோங்கோலோவா கிராமம் இதை அறியும். உப்புநீர் வீடுகளிலும் தோட்டங்களிலும் புகுந்ததால், 2014-இல் ஊரே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்நோக்கிக் குடிபெயர்ந்தது. அரசு பணம் தந்தது. வீடு கட்ட மக்கள் தங்கள் காட்டு மரங்களைத் தந்தார்கள்.

அடுத்து வேறு ஊர்களும் காத்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே கையேந்தாதிருக்க, 2019-இல் ஃபிஜி இதற்கென்றே ஒரு நிதியத்தைச் சட்டப்படி நிறுவியது. சுற்றுச்சூழல் வரியில் ஒரு பங்கும் வெளிநாட்டு நன்கொடையும் அதில் சேர வழிசெய்தது. உலக அளவில் 'இழப்பு மற்றும் சேத நிதி' தொடங்க, 2022-இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு இசைந்தது.

சுற்றுச்சூழல் சீரழிவால் வெளியேறுவோரை உலக ஒப்பந்தங்கள் அகதிகளாக ஏற்பதில்லை என்று, 'இறைவா உமக்கே புகழ்' மடலில் 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வருந்தினார்.

உலகைச் சூடாக்கியதில் இம்மக்களின் பங்கு மிகச் சிறிது. இவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தால், பிறர் செய்த சேதத்திற்கு இவர்களே விலை கொடுக்கிறார்கள். இவர்களுக்குத் தருவது தருமமா, தீர்க்கவேண்டிய கடனா? சிந்திப்போம்.