காயப்பட்ட மனதுக்குக் காடு என்ன செய்யும்?

பத்துமலைக்கு வருகிறவர்கள் பொதுவாக 272 படிகளை ஏறி இறங்கி, ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள். அதே சுண்ணாம்புக் குன்றின் இன்னொரு பக்கம், டமாய் பகுதியில், பாறையேறுபவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பக்தர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கெப்போங். ‘ஃப்ரிம்’ என்று எல்லோரும் அழைக்கும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு அங்கே இருக்கிறது. விபத்து, வன்முறை, வெள்ளம் என்று எதிலாவது சிக்கி, உடம்பு தப்பியும் மனம் மீளாதவர்களுக்கு இந்தப் பச்சையால் ஏதாவது நன்மை உண்டா? உண்டு. ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு அல்ல.

பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் மூளை, ஆபத்து முடிந்துவிட்டது என்பதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. யாரோ கதவைப் படாரென்று சாத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நள்ளிரவில் தூக்கம் போகிறது. நடந்தது பழைய நினைவாக வராமல், இப்போதுதான் நடப்பதுபோல் வந்து நிற்கிறது. இந்த அறிகுறிகளின் தொகுப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது 1980இல்தான். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு உணர்வு; அடுத்து, நடந்ததை நினைத்துப் பார்த்துத் துக்கப்படுவது; கடைசியில் மனிதர்களோடு மறுபடி ஒட்டுவது. காடும் தோட்டமும் கைகொடுப்பது முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும்தான். நடுவில் இருப்பது கடினமான வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கட்டாயம் வேண்டும்.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1982இல் ஜப்பான் வனத்துறை ‘காட்டுக் குளியல்’ என்ற பெயரில் மக்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்தது. பேரதிர்ச்சிக்கு நெருக்கமான ஆய்வு 2018இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்டது. முன்னாள் ராணுவத்தினரையும் வசதி குறைந்த இளையவர்களையும் ஆற்றில் படகு விட அழைத்துப் போனார்கள். ஒரு வாரம் கழித்து அளந்தபோது அவர்களது மன அழுத்த அறிகுறிகள் குறைந்திருந்தன. மலைப்பும் வியப்பும்தான் அதற்கு முக்கியக் காரணம் என்றார்கள். ஒரு வாரத்து அளவீட்டை வைத்து ஆயுள்காலக் குணத்தைப் பேச முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃப்ரிம்முக்கு வருவோம். இன்று அடர்ந்த மழைக்காடாகத் தெரியும் அந்த நிலம் 1920களில் வெள்ளீயம் தோண்டிச் சீரழிந்து கிடந்த தரிசு. அங்கே மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. உள்ளே கபூர் மரங்களின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல் விலகி, நடுவே வானம் ஓடையாகத் தெரியும். கீழே கிடக்கும் இலையைக் கசக்கி மோந்தால் மண்ணெண்ணெய் கலந்த கற்பூர வாசனை. இந்த மரத்தின் பச்சைக் கற்பூரத்தைத் தேடித்தான் தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் வரை போனார்கள். 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது.

சிகிச்சையில் அந்த இலைக்கும் வேலை உண்டு. பழைய பயம் பொங்கும்போது, கண்ணில் படுவதைச் சொல், காதில் விழுவதைச் சொல், கையில் இருப்பதை மோந்து பார் என்று ஐம்புலன்களைப் பிடித்து ஆளை நிகழ்காலத்துக்கு இழுப்பது ஆலோசகர்களின் வழக்கமான உத்தி. நாலு சுவருக்குள் அதற்கு ஒரு மேசையும் மின்விசிறியும்தான் கிடைக்கும். காட்டில் பிடிமானத்துக்குப் பஞ்சமில்லை.

இயற்கையின் துணையோடு மனதை ஆற்றுவதற்குத் தமிழர்களிடையே மிகத் தெளிவான முன்மாதிரி மலேசியாவில் இல்லை, இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் அந்த மாவட்டத்தின் தமிழரையும் முஸ்லிம்களையும் பிளந்து போட்டிருந்தன. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அங்கே ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’வைத் தொடங்கினார்கள். ஹோகன் அதற்கு முன்பே டொராண்டோவில், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான மறுவாழ்வு மையத்தில் இப்படியொரு தோட்டம் அமைத்தவர். சுற்றுக் கிராமங்களிலிருந்து இரு சமூகப் பிள்ளைகளையும் பேருந்தில் கூட்டி வந்தார்கள். செடி, மண், களிமண், சாயம், வளர்ப்புப் பிராணிகள், கதை, பாட்டு: எதைத் தொடுவது என்பது பிள்ளையின் விருப்பம். என்ன நடந்தது சொல்லு என்று யாரும் துருவவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களும் அதே போரைப் பார்த்தவர்கள்தான்.

மரம் தானாக எதையும் ஆற்றவில்லை என்பதற்கு அந்தப் பூங்காவே சாட்சி. வாராவாரம் தவறாமல் நடந்த ஒழுங்கு, நம்பிக்கையான பெரியவர்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆகிய மூன்றும்தான் அதைத் தாங்கின. இவை இல்லாத ‘காட்டுச் சிகிச்சை’, வழிகாட்டிக்குக் காசு கொடுத்துப் போகும் சுற்றுலாதான். சுற்றுலாவில் தப்பில்லை, அதைச் சிகிச்சை என்று விற்பதுதான் தப்பு.

இயற்கை எல்லோருக்கும் ஒரே முகம் காட்டுவதுமில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தபோது கூரையிலும் மாடியிலும் காத்துக் கிடந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். அவர்களில் ஒருவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், தண்ணீர்ச் சத்தத்தைக் கேளுங்கள் என்றால் நிலைமை என்ன ஆகும்? மறு ஆண்டு டிசம்பரில் பத்தாங் காலி முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். ஓய்வுக்காகக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள் அவர்கள். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், இவரது பயம் எங்கே பிறந்தது என்று கேட்டாக வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சரிவைத் தவிர்த்தாக வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு தடை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார் என்றால் ‘நான் என்ன தஞ்சோங் ரம்புத்தான் கேஸா?’ என்று சீறுவோம். 1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் இத்தனை காலம் கழித்தும் வசவாகவே நிற்கிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி 16 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 4.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் இது 2.3 சதவீதம். மருத்துவமனை வாசலை மிதிக்கக் கூசுகிறவர் ஒருவேளை ஃப்ரிம்மின் மண்பாதையில் நடக்கச் சம்மதிக்கலாம். தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் அவர் கூடவே நடந்தால், பாதி தயக்கம் அங்கேயே போய்விடும். கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் அதற்கு ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

உறக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், நடைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் கிடைக்கும். தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.