விழுந்த பல்லை எறிந்துவிடாதீர்

விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல்லோ நிலைப்பல். அடிபட்டு வேரோடு விழுந்தால் மறுபடி முளையாது. ஆயினும் அதே பல்லை அதே குழியிற் பொருத்தலாம்.

பல்லை எலும்போடு பிணைப்பது வேரின்மேலுள்ள மெல்லிய சவ்வு. காற்றில் உலர்ந்தால் அது சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்கும். அரைமணி கடந்தால் பெரும்பாலும் மடிந்துவிடும். பல் மருத்துவரோ நகரில் இருக்கிறார். ஆதலின் முதற் சிகிச்சை ஊரிலேயே நடைபெற வேண்டும்.

பல்லின் வெண்ணிற மேற்பகுதியைப் பற்றி எடுக்க, வேரைத் தொடலாகாது. மண் ஒட்டியிருப்பின் பாலிலோ தூய நீரிலோ 10 விநாடி அலசுக, தேய்க்கலாகாது. சிறுவன் தெளிந்த நினைவோடிருப்பின் உடனே குழியில் நேராகப் பொருத்தி, மடித்த தூய துணியைக் கடித்திருக்கச் செய்க. இயலாவிடில் பல்லைக் குளிர்ந்த பாலிலிட்டு எடுத்துச் செல்க. நீரில் ஊறவைத்தல் கேடு.

மருத்துவர் அதனை அண்டைப் பற்களோடு ஏறத்தாழ இரு வாரம் பிணைத்து வைப்பார். இசிவுநோய்த் தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேட்டறிக. பாற்பல்லை மட்டும் மீண்டும் பொருத்தலாகாது. அடியில் வளரும் நிலைப்பல் கெடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையிலும் பள்ளியிலும் எடுத்துரைப்பார்களாக. ஒரு குவளைப் பால் ஒரு சிறுவனின் பல்லைக் காக்கும்.