பரம்பரைச் சொத்தும் பரிசோதனையும்
(மென்பொருள் சோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்)

பெங்களூர், புனே, ஹைதராபாத், நொய்டா என்று எங்கே போனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் 'யூனிட் டெஸ்ட்'. இன்னொன்று 'மாக்'. இவை என்ன, இவற்றில் எங்கே கவனம் தவறக்கூடாது என்பதைப் பெரியவர்களுக்கும் புரியும்படி, இத்துறையில் புதிதாக நுழையும் இளைஞர்களுக்கும் பயன்படும்படி சொல்ல முயல்கிறேன்.

யூனிட் டெஸ்ட் என்றால் என்ன?

ஒரு பெரிய நிரலின் சிறு பகுதியைத் தனியாக இயக்கி, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று சரிபார்க்கும் இன்னொரு குட்டி நிரல், அவ்வளவுதான். ஜாவா மொழிக்கென்று இதற்காக ஏற்பட்ட 'ஜேயூனிட்' என்ற கருவியின் முதல் வடிவத்தை 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்தபடியே எழுதினார்கள்.

மாக் என்பது ஆள்மாற்று. நம் சங்க ஆண்டு விழா நாடக ஒத்திகையை நினைத்துப் பாருங்கள். மந்திரி வேஷக்காரர் ஆபீஸிலிருந்து வரவில்லை என்றால், யாராவது ஒருத்தர் அவர் வசனத்தைப் படித்து ஒப்பேற்றுவார். கதாநாயகனின் நடிப்பைச் சரிபார்க்க அது போதும். ஆனால் கதாநாயகனுக்கே ஆள்மாற்று வைத்து ஒத்திகை பார்த்தால்? யாருடைய நடிப்பைச் சரிபார்த்தோம்? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் சாரம்.

தாய் கிளாஸும் சேய் கிளாஸும்

1960-களில் நார்வே நாட்டின் டால், நைகார்ட் இருவரும் 'சிமுலா 67' என்ற மொழியில் ஒரு வழி கண்டார்கள். ஒரு கிளாஸ் எழுதிவிட்டால், அதன் செயல்களை எல்லாம் இன்னொரு கிளாஸ் பரம்பரைச் சொத்து போலப் பெற்றுக்கொள்ளும். வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

ஓர் உதாரணம். 'கணக்கு' என்று ஒரு தாய் கிளாஸ். அதில் 'பணம் எடு' என்று ஒரு செயல். அது முதலில் 'அனுமதி உண்டா?' என்ற இன்னொரு செயலைக் கேட்கும், பிறகு இருப்பைக் குறைக்கும், கடைசியில் எஸ்.எம்.எஸ். அனுப்பும். தாயின் விதி, இருப்புக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது. 'சேமிப்புக் கணக்கு' என்பது சேய். எடுத்த பிறகும் 1000 ரூபாய் மிஞ்ச வேண்டும் என்று 'அனுமதி உண்டா?' என்பதை மட்டும் அது மாற்றி எழுதிக்கொள்கிறது. 'பணம் எடு' அப்படியே தாய்வழி வந்தது.

இதை எப்படிச் சோதிப்பது? அவசரக்காரர் ஒருவர், 'அனுமதி உண்டா?' என்பதற்கு மாக் போட்டு, எப்போதும் 'உண்டு' என்று சொல்ல வைக்கிறார். 5000 இருப்பில் 4500 எடுக்கச் சொல்கிறார். இருப்பு 500 ஆகிறது. சோதனை 'பாஸ்', பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் சேமிப்புக் கணக்கின் விதியே மீறப்பட்டிருக்கிறதே!

இன்னொருவர், "தாயை ஏற்கெனவே சோதிச்சாச்சு, மாத்தினதை மட்டும் பார்த்தா போதும்" என்று சேயின் 'அனுமதி உண்டா?' என்பதை மட்டும் சோதிக்கிறார். இன்றைக்கு அது சரி. ஆறு மாதம் கழித்து யாரோ வேகம் கூட்டுவதற்காகத் தாயின் 'பணம் எடு' செயலைத் திருத்துகிறார்: அனுமதி கேட்காமல், இருப்பு போதுமா என்று அங்கேயே பார்த்துவிடுகிறது. தாயின் சோதனைகள் எல்லாம் பாஸ். சேயின் கோப்பை யாரும் தொடவில்லை, அதன் சோதனையும் பாஸ். ஆனால் 1000 ரூபாய் விதியைக் கேட்பார் யாருமில்லை!

சரியான முறை என்ன? உண்மையான சேமிப்புக் கணக்கையே உருவாக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதிக்கு மட்டும் மாக். 4500 கேட்டால் மறுக்க வேண்டும். இருப்பு 5000 ஆகவே இருக்க வேண்டும். மாக் ஒரு செய்தியும் பெற்றிருக்கக்கூடாது. 3000 கேட்டால் இருப்பு 2000, செய்தி ஒன்று. இந்தச் சோதனை இருந்திருந்தால், தாயில் கை வைத்த அன்றே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

40 வினாடியில் போன ராக்கெட்

இதெல்லாம் நூல் பிடித்துப் பேசும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. நான்கு கிளஸ்டர் விண்கலங்களும் அதோடு போயின.

காரணம்? திசையும் வேகமும் கணிக்கும் கருவியின் மென்பொருள், ஏரியான் 4-இலிருந்து வந்த பரம்பரைச் சொத்து. இது கிளாஸ் வழி வந்த மரபுரிமை அல்ல, பழைய நிரலை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் பாடம் ஒன்றே. ஏரியான் 5-இன் பக்கவாட்டு வேகம் அதிகம். 32,767-க்கு மேல் கொள்ளாத 16-பிட் இடத்தில் அந்த எண் அடங்கவில்லை. கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை.

ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1996 ஜூலையில் அறிக்கை தந்தது. முழு அமைப்பையும் ஒத்திகை பார்த்த சோதனைகளில் அந்தக் கருவிக்குப் பதிலாக, அதைப் போல விடை தரும் ஒரு போலி வைக்கப்பட்டிருந்தது! பழைய ராக்கெட்டில் நன்றாக வேலை செய்ததே என்ற நம்பிக்கை. விபத்துக்குப் பிறகு, உண்மையான மென்பொருளுக்கு ஏரியான் 5-இன் பயணப் பாதையைக் கொடுத்து இயக்கினார்கள். அதே பிழை அப்படியே வந்தது. தரையிலேயே பார்த்திருக்கலாம்.

இளைஞர்களுக்கு நான்கு வார்த்தை

1. வெளியாருக்கு மட்டும் மாக் போடுங்கள்: தரவுத்தளம், எஸ்.எம்.எஸ்., கடிகாரம், வலை இணைப்பு. சோதிக்கப்படும் பொருளுக்கும் அதன் தாய்க்கும் வேண்டாம்.

2. தாய் கிளாஸ் உள்ளுக்குள்ளேயே தரவுத்தளத்தைத் திறக்கிறதா? அதை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றுங்கள். பிறகு மாக் கொடுப்பது சுலபம்.

3. 'மறுத்தால் இருப்பு மாறக்கூடாது' போன்ற, எல்லாக் கணக்குக்கும் பொதுவான விதிகளை ஒரு தாய்ச் சோதனையாக எழுதுங்கள். ஒவ்வொரு சேயின் சோதனையும் அதிலிருந்து வரட்டும். ஜேயூனிட்டில் சோதனைக்கும் மரபுரிமை உண்டு.

4. தாயை மாக் செய்யாமல் சோதிக்கவே முடியவில்லை என்றால், அது உறவு சரியில்லை என்பதற்கு அடையாளம். பரம்பரையாகப் பெறுவதைவிட, தனிப் பொருளாக்கித் துணைக்கு வைத்துக்கொள்வது மேல் என்று 1994-இல் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் சொல்கிறது.

பாட்டன் கட்டிய வீட்டில் குடியேறுவது பெருமைதான். அதன் உத்தரம் அவர் காலத்துச் சுமையைத் தாங்கியது என்பதும் உண்மைதான். ஆனால் நாம் மேலே இன்னொரு மாடி எழுப்பும்போது, தட்டிப் பார்க்க வேண்டியது அந்தப் பழைய உத்தரத்தைத்தான்.