மெதுவோட்டக் கோளாறு (படகு எஞ்சின்)

படகு எஞ்சினின் மெதுவோட்டக் கோளாறு என்பது, த்ராட்டில் முடுக்கப்படாத நிலையில் எஞ்சின் தடுமாறுவதையோ, நின்றுவிடுவதையோ, தேவைக்கு மிகுந்த வேகத்தில் சுழல்வதையோ குறிக்கும். மெதுவோட்டம் பேச்சுவழக்கில் ஐட்லிங் எனப்படுகிறது. கார்புரேட்டரை மாற்றிய பின்னர் இக்கோளாறு பரவலாகத் தோன்றுகிறது. புதிய கார்புரேட்டரே பழுதானது என்று எண்ணப்படினும், அதனைப் பொருத்திய முறையிலும் அதனோடு இணைந்த உறுப்புகளிலுமே பெரும்பாலும் காரணம் அமைந்திருக்கும். இக்கட்டுரை, படகின் உள்ளே பொருத்தப்படும் நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றியது. அமெரிக்காவில் 2010 முதல் நடைமுறைக்கு வந்த மாசு வரம்புகளுக்குப் பின், இவ்வகைப் புதிய எஞ்சின்களில் எரிபொருள் உட்செலுத்தல் முறை வழக்கமாயிற்று. எனினும் கார்புரேட்டர் கொண்ட பழைய எஞ்சின்கள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

முக்கியத்துவம்

படகுக்குப் பிரேக் இல்லை. பின்னோக்கிய கியரில் எஞ்சினை இயக்கியே அது நிறுத்தப்படுகிறது. துறையை அணுகும்போது எஞ்சின் நின்றுவிட்டால் படகை நிறுத்தும் வழியும் திருப்பும் ஆற்றலும் ஒருங்கே குறைந்து, படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் செல்லும். மெதுவோட்ட வேகம் மிகுந்தாலோ, கியர் அதிர்ச்சியுடன் விழுந்து கியர்ப்பெட்டி தேய்கிறது.

செயற்படும் விதம்

மெதுவோட்டத்தில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். வெஞ்சுரி வழியாகச் செல்லும் காற்று குறைவாதலால் முதன்மை ஜெட்டிலிருந்து எரிபொருள் வெளிவராது. மாறாக, தகட்டுக்குக் கீழே உள்ள சிறு துளை வழியாக எரிபொருள் உறிஞ்சப்படுகிறது. இதன் அளவைக் கலவைத் திருகு கட்டுப்படுத்துகிறது. தகட்டின் விளிம்பை ஒட்டி, வேகம் கூடும்போது எரிபொருள் தரும் மற்றொரு பிளவும் உண்டு. தகடு சற்றே மிகுதியாகத் திறந்திருந்தாலும் இப்பிளவு வெளிப்பட்டு, எரிபொருள் திருகைக் கடக்காமலே உட்செல்லும். கலவைத் திருகைத் திருப்பியும் ஓட்டத்தில் மாற்றம் ஏற்படாமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

சரிபார்க்கும் வரிசை

1. பொருத்துகை: பழைய கேஸ்கட்டின் துண்டுகள் எஞ்சியிருத்தல், துளைகள் பொருந்தாத கேஸ்கட், மூடப்படாத வெற்றிடக் குழாய் ஆகியவற்றால் கூடுதல் காற்று உட்புகும். மின்சோக் உள்ள கார்புரேட்டரில் 12 வோல்ட் இணைப்பு விடுபட்டால், எஞ்சின் சூடான பின்னும் சோக் திறவாமல் கரும்புகை வெளிவரும்.

2. கேபிள்: த்ராட்டில் கேபிளைக் கழற்றியபின் வேகம் குறைந்தால், கேபிளே தகட்டை இழுத்துப் பிடித்திருந்தது என அறியலாம். கேபிளின் நீளம் சீராக்கப்பட வேண்டும்.

3. மிதவை: எஞ்சினை நிறுத்தியவுடன் வெஞ்சுரியிலிருந்து எரிபொருள் சொட்டினால், மிதவை உயரமாக இருத்தல், ஊசி வால்வில் தூசி அடைத்தல், பம்பின் அழுத்தம் மிகுதல் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். குழாயைக் கழற்றும்போது உதிரும் துகள்கள் ஊசி வால்வைச் சென்றடைவதுண்டு.

4. காற்றுக் கசிவு: சூடான எஞ்சினில் சோக்கை வெளியிணைப்பால் சிறிது மூடும்போது ஓட்டம் சீரடைந்தால் கலவையில் எரிபொருள் குறைவு. கசிவோ அடைபட்ட மெதுவோட்டத் துளையோ இருக்கக்கூடும். ஓட்டம் மேலும் கெட்டால் எரிபொருள் மிகுதி எனக் கொள்ளலாம்.

5. கலவை: திருகை மென்மையாக இறுதிவரை உட்செலுத்தி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியெடுப்பது பொதுவான தொடக்க நிலை. பின்னர் வேகம் மிக உயரும் இடத்தில் அதனை நிறுத்தி, வேகத் திருகால் உரிய அளவுக்குக் குறைக்க வேண்டும். வலிந்து திருகினால் ஊசிமுனை சேதமடையும்.

இறுதிச் சீரமைப்பு, படகு நீரில் கட்டப்பட்ட நிலையில் முன்னோக்கிய கியரில் செய்யப்படுகிறது. கரையில் குழாய்நீர் கொடுத்து இயக்கும்போது உந்துவிசிறியின் சுமை இல்லாமையால், அங்குச் சரியாக அமைந்த வேகம் நீரில் குறைந்து எஞ்சின் நின்றுவிடலாம். உரிய சுற்றெண்ணிக்கை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். தயாரிப்பாளரின் கையேடே இதற்கு அளவுகோல். தீப்பொறி நேரம் தவறாக இருந்தால் எந்தக் கலவைச் சீரமைப்பும் நிலைக்காது என்பதால், அதனை முன்னரே சரிபார்த்தல் நன்று.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் சிந்திய எரிபொருளின் ஆவி வெளிக்காற்றில் கலைந்துவிடும். படகிலோ அது அடிக்குழியில் தேங்கி, ஒரு சிறு பொறியால் வெடிக்கும். இதனால் படகுக் கார்புரேட்டர்கள், வழியும் எரிபொருள் வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள்ளேயே செல்லுமாறு அமைக்கப்படுகின்றன. அமெரிக்கக் கூட்டரசு விதிகளின்படி, மிதவை வால்வு திறந்திருக்கும் சோதனையில் 30 நொடிகளில் 5 கன சென்டிமீட்டருக்கு மேல் கசியக் கூடாது. எனவே விலை குறைவென்று கார்க் கார்புரேட்டரைப் படகில் பொருத்துதல் ஆபத்தானது.

கசிவைக் கண்டறியக் கார்களில் எரியக்கூடிய தெளிப்பான்களைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. படகின் எஞ்சின் அறையில் இதனைச் செய்யலாகாது. நீரைச் சிறிதளவு தெளித்து, ஓட்டத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கலாம். சுடர் தடுப்பியைக் கழற்றிய நிலையில் எஞ்சினை இயக்குதலும் கூடாது. அமெரிக்கப் படகுகளில் எஞ்சினை இயக்கும் சுவிட்சுக்கு அருகே உள்ள எச்சரிக்கைப் பலகை, எஞ்சினை இயக்குமுன் 4 நிமிடம் காற்றூதியை ஓட்டி, அடிக்குழியில் பெட்ரோல் ஆவி உள்ளதா எனச் சோதிக்குமாறு கூறுகிறது. ஒவ்வொரு சீரமைப்புக்குப் பின்னரும் இது பின்பற்றத்தக்கதாகும்.